லைனில் ஒரே ஒரு வேலை தெரிந்தவர்கள்

திருப்பூரில் எங்கள் தையல் லைனில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது சாதாரண ரவுண்ட் நெக் டி-சர்ட். காலர் இல்லை, பட்டன் இல்லை, பாக்கெட் இல்லை. நெஞ்சில் ஒரு பிரிண்ட், அவ்வளவுதான். கடையில் அதைக் கையில் எடுப்பவர் யாரோ ஒரு டெய்லர் தைத்தது என்று நினைத்துக்கொள்வார். அப்படி ஒரு டெய்லர் கிடையாது. முன்துண்டையும் பின்துண்டையும் தோளில் சேர்ப்பது ஒருவர். கழுத்துக்கு வரும் ரிப் பட்டையை வட்டமாக மூட்டுவது இன்னொருவர். அந்த வட்டத்தைக் கழுத்தில் ஏற்றுவது மூன்றாமவர். பின்கழுத்தில் டேப் வைப்பது, அதை மூடித் தைப்பது, கை விளிம்பை மடித்து அடிப்பது, கையை உடம்போடு சேர்ப்பது, வாஷ்கேர் லேபிளைச் செருகிப் பக்கவாட்டை மூட்டுவது, கீழ் மடிப்பு அடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு மெஷின். அப்புறம் பிசிறு வெட்டுகிறவர்கள், செக்கிங், அயர்ன், மடிப்பு, பேக்கிங்.

நான் தாராபுரம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கைமடியாக வந்தவள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குவதுதான் கைமடி வேலை. பிறகு விளிம்பை வெட்டிக்கொண்டே மூட்டுகிற ஓவர்லாக், மடிப்பு அடிக்கிற பேட்லாக், ஒற்றை ஊசி மெஷினான சிங்கர் மூன்றும் கற்றேன். இப்போது லைன் சூப்பர்வைசர். மெஷின் வந்ததால்தான் வேலை இப்படித் துண்டு துண்டாகிப் போனது, ஆளுக்கு ஒரு வேலைக்கு மேல் தெரியாமல் போனது என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஒரே ஓவர்லாக் மெஷினை வைத்துக்கொண்டு மனிதர்கள் இரண்டு விதமாக வாழ்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் மெஷின் எங்கே உண்மையிலேயே ஆளை விலக்கியது, எங்கே விலக்க முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நிட்டிங் யூனிட்டுக்குள் போய்ப் பாருங்கள். 30 இஞ்ச் விட்டமும் 24 கேஜும் உள்ள ஒரு வட்ட நிட்டிங் மெஷினில், இஞ்சுக்கு 24 ஊசி வீதம் சுற்றிலும் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். மேலே 90 கோன்களிலிருந்து நூல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றினால் 90 வரிசை துணி பின்னப்பட்டுவிடும். நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் நிமிடத்தில் 50 லட்சம் லூப். கையால் வேகமாகப் பின்னுகிறவர் நிமிடத்துக்கு நூறு லூப் போட்டாலே பெரிய விஷயம். இந்த மெஷின்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ஓர் ஆள் நாலைந்து மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். நூல் அறுந்தால் மெஷின் தானே நின்று விளக்கு எரியும். அவர் போய் முடிச்சுப் போடுவார், தீர்ந்த கோனை மாற்றுவார், ரோல் நிறைந்தால் வெட்டி இறக்குவார். ஊசி ஒன்று ஒடிந்தால் துணி நெடுகக் கோடு விழும். அதைக் கண்ணால் பிடிப்பது அவருடைய திறமை. இங்கே பின்னுகிற வேலையை மனிதன் செய்யவில்லை. பின்னுகிறதைக் கவனிக்கிறான்.

அதே துணி கட்டிங் முடிந்து எங்களிடம் வந்தால் கதை மாறிவிடும். ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு ஆறாயிரம் தையல் போடக்கூடியது. ஆனால் அந்த வேகத்தில் அது ஓடுவது சில விநாடிகள்தான். வாட்சை வைத்துக்கொண்டு ஒரு டெய்லர் பக்கத்தில் நின்று பாருங்கள். பண்டலிலிருந்து துண்டை எடுக்கிறாள், இன்னொரு துண்டை எடுக்கிறாள், இரண்டின் விளிம்பையும் பொருத்துகிறாள், பாதத்துக்கு அடியில் கொடுக்கிறாள். ஊசி விர்ரென்று ஓடி நிற்கிறது. திருப்புகிறாள், மறுபடி பொருத்துகிறாள், மறுபடி ஓட்டுகிறாள், நூலை வெட்டித் தள்ளிவைக்கிறாள். மொத்த நேரத்தில் ஊசி ஓடுவது கால்வாசி இருந்தால் அதிகம். மீதி முழுக்கக் கைவேலை. அதனால் மெஷினின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் டி-சர்ட் இரண்டு மடங்கு வராது.

இதற்குக் காரணம் துணியேதான். ஒற்றை ஜெர்சி பின்னல் துணியை வெட்டியதும் அதன் விளிம்பு தானாகச் சுருண்டுகொள்ளும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஏ.சி. இல்லாத ஹாலில் காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். இரும்புத் தகட்டைப் பிடிக்கத் தெரிந்த இயந்திரக் கைக்கு இந்தத் துணியைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டு வந்ததா ஒன்றுதான் வந்ததா என்று எங்கள் பெண்கள் விரல் நுனியிலேயே சொல்லிவிடுவார்கள். எனக்கு ஓவர்லாக் கற்றுக்கொடுத்த அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்தைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் சொல்கிறேன்: "துணிய இழுக்காத கண்ணு, அதுவாப் போகும். நீ வழி மட்டும் காட்டு."

ஆகவே தையலில் மெஷின் உள்ளே வந்த விதமே வேறு. பெரிய மெஷின் ஒன்று வந்து டெய்லரை எழுப்பிவிடவில்லை. அவள் கை செய்த சின்னச் சின்ன அசைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. முன்பு கிளட்ச் மோட்டார் இருந்தது. பெடலை மிதிக்காதபோதும் உறுமிக்கொண்டே கரண்ட் குடிக்கும். இப்போது சர்வோ மோட்டார், மிதித்தால்தான் சுற்றும், ஊசியைச் சொன்ன இடத்தில் நிறுத்தும். நூலைக் கத்தரியால் வெட்டியது போய், பெடலைப் பின்னால் அழுத்தினால் அடியிலேயே வெட்டிக்கொள்கிறது. கீழ் மடிப்புக்கு ஃபோல்டர் வந்தது. கைமடிக்கிறவர் விரலால் மடித்துக் கொடுத்ததை ஒரு வளைந்த தகடு செய்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடி மிச்சம். ஒரு டி-சர்ட்டுக்கு இரண்டு விநாடி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டரில் அது பெரிய கணக்கு.

இனி நான் பார்த்த அந்த இரண்டு விதம்.

நான் முதலில் வேலைக்குப் போனது ஒரு பவர்டேபிளுக்கு. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது, நீளமான மேஜையில் மெஷின்களை வரிசையாகப் பொருத்தி, அடியில் ஓடும் ஒரே ஷாப்டிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுகிற ஏற்பாடு அது. கம்பெனியிலிருந்து வெட்டிய துண்டுகள் மூட்டையாக வரும், தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், பீஸுக்கு இவ்வளவு என்று ரேட். அங்கே ஒரு செட் என்பது ஓவர்லாக் டெய்லர் ஒருவர், பேட்லாக் ஒருவர், சிங்கர் ஒருவர், கைமடி இரண்டு பேர். அந்தச் செட்டே முழு பீஸையும் முடிக்கும். ஓவர்லாக்காரர் தோளும் அடிப்பார், கையும் ஏற்றுவார், பக்கவாட்டும் மூட்டுவார். பேட்லாக்காரருக்கு வேலை இல்லாத நேரத்தில் ஓவர்லாக்கில் உட்காருவார். சனிக்கிழமை மொத்தப் பீஸை எண்ணிக் கூலியைப் பங்கு போடுவார்கள். பங்கில் சண்டையும் வரும். கைமடிக்குத்தான் எப்போதும் குறைவு. இரவு ஒரு மணி வரை ஓடிய நாட்களில் தூங்கி விழுந்திருக்கிறேன். அந்த ஏற்பாட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பனியன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டெய்லர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பழகித்தான் நான் ஓவர்லாக் கற்றேன்.

இந்த ஊரே அப்படித்தான் வளர்ந்தது. 1970களின் கடைசியில் இத்தாலிய வியாபாரிகள் வெள்ளை டி-சர்ட் தேடி வந்தபோது இங்கே எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் செய்கிற ஆலை கிடையாது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், எம்ப்ராய்டரி ஒருவர், தையல் ஒருவர். நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் கிலோ கணக்கில் கூலி, பிரிண்டிங்குக்குப் பீஸ் கணக்கு, எம்ப்ராய்டரிக்கு ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கு. இன்று வருடத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊரில் இந்த ஜாப் ஒர்க் முறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எந்தச் சந்துக்குள் போனாலும் துணி ரோல் ஏற்றிய மினி லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

வேலை யூனிட் யூனிட்டாகப் பிரிந்து கிடந்ததில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதை 2011 ஜனவரியில் எல்லோரும் அனுபவித்தோம். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மூடியது சாயம் என்ற ஒரே ஒரு படி. ஆனால் சாயம் ஏறாத துணியை வெட்ட முடியாது, வெட்டாததைத் தைக்க முடியாது. துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குத் திரும்பிப் போயின. அந்த உத்தரவு நியாயமானது என்றே நான் இன்றும் நினைக்கிறேன். கீழே விவசாயம் செய்தவர்களின் கிணறுகளைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு படி நின்றால் எத்தனை படி நிற்கும் என்பதை அந்த வருடம்தான் எனக்குப் புரியவைத்தது.

ஆபத்து ஒரு பக்கம் இருக்க, அதே பிரிவினைதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏணியாகவும் இருந்தது. ஒரு படி மட்டும் செய்கிற சின்ன யூனிட் என்றால் அதைத் தொடங்க ஆலை முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. பழைய ஓவர்லாக் இரண்டு, பேட்லாக் ஒன்று, வாடகைக்கு ஒரு ஷெட் போதும். எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த அண்ணன் அப்படித்தான் யூனிட் வைத்தார். டெய்லராக உட்கார்ந்து முதலாளியாக எழுந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு முழு பீஸும் தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது. ரேட் பேச வேண்டுமானால் எந்த மூட்டு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிய வேண்டும் இல்லையா?

இப்போது நான் வேலை செய்வது லைன் முறையில். ஒவ்வொரு வேலைக்கும் நேரம் அளந்து வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, கை ஏற்ற 40 விநாடி, கீழ் மடிப்புக்கு 25 விநாடி என்று வையுங்கள். கை ஏற்றுகிறவள் மணிக்கு 90 பீஸ் தருவாள், மடிப்பு அடிக்கிறவளால் 144 முடியும். ஆனால் 90-க்கு மேல் அவளுக்கு வராது, சும்மா உட்கார்ந்திருப்பாள். கை ஏற்ற இன்னொரு ஆளைப் போட்டால் 180 வரும், இப்போது மடிப்பில் தேங்கும். லைனை இப்படிச் சமன்படுத்திக்கொண்டே இருப்பதுதான் என் வேலையில் பாதி. எனக்கு இது பிடித்த வேலை. காலை பதினொரு மணிக்கு எந்த மேஜையில் பண்டல் குவியும் என்று எட்டரைக்கே தெரிந்துகொண்டு ஆளை மாற்றிவிட்டால் அன்று முழுக்க லைன் தண்ணீர் மாதிரி ஓடும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஆசை ஒளிந்திருக்கிறது. ஒருத்தி ஒரே வேலையைச் செய்துகொண்டே இருந்தால் அவள் கை வேகமாகும், விநாடி குறையும். எனவே அவளை அங்கேயே வைத்திரு. ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிற பெண்களுக்குப் பயிற்சி அறையில் ஒரு மூட்டு மட்டும் சொல்லிக்கொடுத்துச் சீக்கிரமே லைனில் உட்கார வைத்துவிடுகிறோம். இடது கையை மட்டுமே வருடக்கணக்கில் ஏற்றியவள் என் லைனில் இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவாள், ஒரு சுருக்கம் இருக்காது. ஊருக்குப் போய்த் தன் தங்கைக்கு ஒரு ஜாக்கெட் தைக்கச் சொன்னால் தெரியாது. பனியன்கூட முழுதாகத் தைக்கத் தெரியாது. அவள் உட்கார்ந்திருப்பது நான் பவர்டேபிளில் ஓட்டிய அதே நாலு நூல் ஓவர்லாக். மெஷின் அவளை இப்படி வைக்கச் சொல்லவில்லை. நாங்கள் வைத்தோம்.

பின்னல் தொழிலிலேயே இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் கருவியை உருவாக்கினார். எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தரவில்லை. இருந்தும் அந்தக் கருவி பரவி, அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டிலேயே வைத்துப் பின்னிப் பிழைத்தன. 1811-இல் அதே மாவட்டத்தில்தான் லுட்டைட் கலகம் தொடங்கியது. இரவில் போய்க் கருவிகளை உடைத்தார்கள். மெஷினைக் கண்டு பயந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது வழக்கம். அந்தக் கருவி அப்போது இருநூறு வருடத்துக்கு மேல் பழையது, அதை ஓட்டித்தான் அவர்களே பிழைத்தார்கள். அவர்கள் எதிர்த்தது வேறு. அகலமான துணியாகப் பின்னி, வெட்டி, மூட்டி, மட்டமான காலுறையாக விற்று விலையைக் கெடுத்ததை எதிர்த்தார்கள். தொழில் முழுதாகக் கற்காதவர்களைக் குறைந்த கூலிக்கு உட்கார வைத்ததை எதிர்த்தார்கள். அப்படிச் செய்த முதலாளிகளின் கருவிகளாகப் பார்த்து உடைத்தார்கள். 1812-இல் கருவி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. வெட்டி மூட்டுகிற அந்த வேலையைத்தான் இன்று நாங்கள் எல்லோரும் செய்கிறோம். அவர்கள் கேட்ட கேள்வி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

கூலிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பிரிப்பதால் கை வேகம் கூடுகிறது என்பது எல்லோரும் சொல்கிற லாபம். இன்னொரு லாபத்தை 1832-லேயே சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். ஒருவரே எல்லாம் செய்தால், அதில் உள்ள கடினமான பகுதிக்கு ஏற்ற கூலியை அவருக்கு முழு நேரத்துக்கும் கொடுக்க வேண்டும். பிரித்துவிட்டால் கடினமானதற்கு மட்டும் அந்தக் கூலி, மீதிக்குக் குறைந்த கூலிக்கு ஆள். எங்கள் ஹாலில் அது அப்படியே தெரியும். கட்டிங் மாஸ்டரும் அயர்ன் மாஸ்டரும் ஆண்கள், கூலி மேலே. கைமடி, பிசிறு, செக்கிங் பெரும்பாலும் பெண்கள், கூலி கீழே. செக்கிங் சுலபம் என்று முடிவு செய்தது யார்? ஆர்டர் கொடுத்த பையரிடம் போய்த் திரும்பி வரும் பீஸால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, ஷேடு மாறிய கை, தப்பிய ஒரு தையல், எல்லாவற்றையும் நின்றபடியே பத்து மணி நேரம் பிடிக்கிற கண்ணுக்கு உதவியாளர் கூலி கொடுப்பது அநியாயம். பிரித்தபோது அந்தத் திறமை கணக்கிலிருந்து விழுந்துபோயிற்று.

லைனைக் கலைத்துவிட்டுப் பழையபடி செட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் அளவும் தேதியும் அதற்கு இடம் தராது. செட்டின் இரவு வேலை யாருக்கும் வேண்டாம். நான் கேட்பது இரண்டுதான். ஒருத்தி ஆறு மாதத்துக்கு மேல் ஒரே வேலையில் இருக்கக் கூடாது, மாற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்ற ஒவ்வொரு வேலைக்கும் தினக்கூலியில் ஒரு தொகை ஏற வேண்டும். முதலாவதை எங்கள் கம்பெனியில் பேசிப் பார்த்தபோது, புது வேலையில் உட்காருகிற முதல் வாரத்தில் உற்பத்தி குறையும் என்றார்கள். உண்மைதான், குறைகிறது. ஆனால் திங்கட்கிழமை நாலு பேர் லீவு போட்டால் லைனே படுத்துவிடும் கஷ்டத்தை அவர்களும் பார்க்கிறார்கள். பல வேலை தெரிந்தவர்கள் இருக்கும் லைன் அன்றைக்கும் ஓடும். அந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகு முதலாவதற்குச் சரி என்றார்கள். கூலிக்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், விடப்போவதில்லை.

அடுத்து வருவது போலோ ஆர்டர். காலரும் பிளாக்கெட்டும் உண்டு. நெஞ்சில் பட்டன் வரும் அந்த இரண்டு பட்டையைத்தான் பிளாக்கெட் என்கிறோம். இருப்பதில் கஷ்டமான மூட்டு அதுதான். ஒரு நூல் அளவு விலகினாலும் பட்டையின் அடியில் வரும் பெட்டித் தையல் கோணலாகிவிடும். அதைக் கற்க விருப்பமானவர்கள் பேர் கொடுங்கள் என்றேன். இடது கை மட்டும் ஏற்றுகிற பெண் முதலில் கொடுத்தாள். கைமடியிலிருந்து இரண்டு பேர், செக்கிங்கிலிருந்து ஓர் அக்கா. வெட்டில் மிஞ்சும் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் எங்களுக்கு வைக்கும்படி கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு காலியாக இருக்கும் இரண்டு சிங்கரில் பழகுகிறார்கள். துணி கட்டிங்குக்கு வருவதற்குள் நாலு பேருக்கும் கை பழகிவிடும்.